ஐந்தாவது படத்தில் தேதி இல்லை

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை இல்லை. என் தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது. எருமப்பட்டிக்குப் பக்கத்து ஊர். பெயரை மட்டும் கேட்காதீர்கள். சபைக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், எனக்கும் அந்தப் பக்கம் போய்வர வேண்டியிருக்கிறது.

நான் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவனுக்குப் பேய் பார்க்க ஏது நேரம்? அதனால் முதலில் மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

மாப்பிள்ளை பெயர் குணசீலன். பாப்டிஸ்டு சபைப் போதகர். பொய்யே சொல்லாத மனிதர் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஒரு பொய் சொன்னார். அந்த ஒன்றால்தான் இத்தனையும்.

விஷயம் இதுதான். பாப்டிஸ்டு சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த பிறகு, சபை முன்னால் வாய்திறந்து சாட்சி சொல்லி, தண்ணீரில் தலையோடு முங்கி எழவேண்டும். அதற்குப் பெயர் முழுக்கு. நெற்றியில் நாலு சொட்டுத் தெளித்தால் அவர்களுக்கு அது கணக்கிலேயே வராது. குணசீலனுக்கு வாய்த்தது அந்த நாலு சொட்டுத்தான். ஆத்தூர்ப் பக்கம் வேறொரு சபையில், கைக்குழந்தையாக இருந்தபோது.

பிறகு வேதபாடக் கல்லூரியில் படித்தார். முழுக்கு எடுத்திருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இவரும் திருத்தவில்லை. சேலத்தில் உதவிப் போதகராகி, மற்றவர்களுக்கு முழுக்குக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போய், எனக்கும் கொடுங்கள் என்று கேட்பது?

எருமப்பட்டிப் பக்கத்துச் சபைக்குப் போதகர் தேவை என்று தெரிந்ததும் போனார். அங்கே போதகரைச் சபை மக்களே கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். கூட்டத்தில், சபை நிர்வாகம் பார்க்கும் டீக்கன் அன்பரசு எழுந்தார். அறுபது வயதுக்காரர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், பேச்சில் சர்க்கரை, பார்வையில் மிளகாய்.

"ஐயா எங்கீங்க முழுக்கு எடுத்தீங்க?"

"காலேஜ் படிக்கிறப்ப... மோகனூர்ல. காவிரியில."

அதுதான் அந்தப் பொய். என் தங்கை தமிழினிக்கு அப்போது ஏழாவது மாதம். வாடகை வீடு வாடகை வீடாகச் சட்டி பானை தூக்கிச் சலித்திருந்தாள். இந்தச் சபையில் போதகருக்குச் சொந்த வீடு உண்டு. மனிதர் சொல்லிவிட்டார்.

கைகள் உயர்ந்தன. அன்பரசு கை மட்டும் மடியிலேயே இருந்தது. குணசீலன் அதைப் பார்த்தார்.

போதகர் அறைச் சுவரில் இதுவரை இருந்த போதகர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். முதல் படத்தில் வெள்ளைக்காரத் துரை, நம் ஊர் வெயிலுக்குக் கருத்துப்போனவர். அடுத்தவர் சைக்கிளிலேயே ஊழியம் செய்து சைக்கிளோடே படம் எடுத்துக்கொண்டவர். மூன்றாமவர் கட்டடம் கட்டினார், நான்காமவர் கடன் அடைத்தார். ஐந்தாமவர் கந்தவேல் ஐயா. கிறிஸ்தவரான பிறகும் அப்பன் வைத்த பெயரை மாற்றாதவர். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கு முழுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

அவருக்குப் பிறகு வந்த யாரும் அங்கே நிலைத்ததில்லை. ஒருத்தர் பிரஷர் என்று போனார். ஒருத்தர் வீட்டுக்காரிக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போனார். மற்ற இரண்டு பேர் காரணமே சொல்லவில்லை. இடையிடையே பல வருஷம் போதகரே இல்லாமல் சபை கிடந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. படத்துக்குக் கீழே பிறந்த தேதி எழுதமாட்டார்கள். முழுக்கு எடுத்த தேதியைத்தான் எழுதுவார்கள், அன்றுதான் மனிதன் பிறந்தான் என்று. ஒன்பது படத்தில் எட்டுக்குத் தேதி இருந்தது. கந்தவேல் ஐயா படத்துக்குக் கீழே மட்டும் வெறும் பெயர்.

வருகிற மாதம் சபைக்குப் பவள விழா. பத்தாவது படம் மாட்டவேண்டும்.

"பாஸ்டருங்க, தேதி சொன்னீங்கன்னா நாமக்கல்ல படக்கடைக்குக் குடுத்துப்போடலாமுங்க," என்றார் அன்பரசு.

"பழைய டைரியில தேடணும்ணா."

"முழுக்கு எடுத்த நாளு மறக்குமாங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்புத்தான் மாப்பிள்ளையைத் தூங்கவிடவில்லை. இந்த ஆளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஆத்தூரில் யாரையாவது விசாரித்திருப்பாரோ? அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆட்டம் காட்டுகிறாரோ?

அந்த வாரம்தான் அங்கி நனைந்தது.

முழுக்குக் கொடுக்கும்போது போதகர் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கி அது. போதகர் அறை பீரோவில் தொங்கும். வேதாகமம் எடுக்கத் திறந்தவர் பார்த்தார். அங்கியின் கீழ்க்கரை ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

கோயில் கூட்டுகிற நல்லம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நானு தொடவேயில்லீங்க சாமி. முழுக்கு ஆராதனைக்கு முந்தின நாளு தொவைப்பேன், அவ்ளோதானுங்க."

இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தார். இப்போது முழங்கால் வரை ஈரம்.

குணசீலனுக்குச் சட்டென்று புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தார். இது அன்பரசு வேலை. நனையாத போதகருக்கு நனைந்த அங்கியைக் காட்டுகிறார். சபை முன்னால் சொல்லாமல், சத்தமில்லாமல் துரத்தப் பார்க்கிறார். முந்தின போதகர்களையும் இப்படித்தான் ஓட்டியிருப்பார்!

கோபம் தலைக்கேறியது. நாமக்கல் போய்ப் புதுப் பூட்டு வாங்கிவந்தார். பீரோவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குச் சந்தேகப் புத்தி முத்திப்போச்சு," என்றாள் தமிழினி. "துணியில பூஞ்சை புடிச்சிருக்கும்."

"பூஞ்சை முழங்காலோட நிக்குமா?"

மறுநாள் காலை பூட்டைத் திறந்தார். இடுப்பு வரை ஈரம்.

அதற்கடுத்த நாள் மார்பு வரை. பீரோவின் அடித்தட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாசி வாசம் அடித்தது. ஒருத்தன் படிப்படியாகத் தண்ணீருக்குள் இறங்கினால் துணி எப்படி நனையுமோ அப்படி நனைந்திருந்தது.

அந்தக் கோயிலில் முழுக்குத் தொட்டி பிரசங்க மேடைக்கு அடியில் இருக்கிறது. சிமெண்டுத் தொட்டி. இறங்கப் படி உண்டு. மேலே பலகை போட்டு விரிப்பு விரித்து, அதன்மேல் நின்றுதான் பிரசங்கம். வருஷத்துக்கு இரண்டு முறை, முழுக்குக்கு முந்தின நாள், தண்ணீர் லாரி வந்து நிரப்பும். மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும். ஊற்று ஏதாவது இருக்குமோ என்று நானே பிறகு போய்ப் பார்த்தேன். அந்த மண்ணில் எழுநூறு அடிக்குக் கீழே போனாலும் தண்ணீர் வராது, கல்மாவுதான் பறக்கும்.

ஆனால் குணசீலன் பிரசங்கம் தயாரிக்க மேடைமேல் நிற்கும்போது காலுக்கடியில் கேட்டது.

டொப்...

டொப்...

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பினார். அன்பரசு பண்ணை வேலை முடித்து ஆறு மணிக்குமேல் அந்த வழியாகத்தான் வருவார். கோயிலின் இன்னொரு சாவி அவரிடம்தான். உள்ளே வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம். மாப்பிள்ளை உள்ளே போய், கதவைச் சும்மா சாத்திவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

மணி ஆறு ஐந்து.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தூரத்தில் எங்கோ ரிக் வண்டி ஓடும் சத்தம். கோழிப்பண்ணை வாடை. எல்லாம் எப்போதும்போலத்தான்.

ஆறு பத்துக்குக் கரண்ட் போனது. ஃபேன் மெல்ல நின்றது.

ரிக் சத்தமும் நின்றது.

மேடைப் பக்கம்... கர்ர்ர்... என்று பலகை நகர்ந்தது.

மாப்பிள்ளைக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. மாட்டிக்கொண்டான் அன்பரசு! பின்வாசல் வழியாக வந்திருக்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல நடந்தார்.

விரிப்பு சுருட்டிவைக்கப்பட்டிருந்தது. பலகைகள் ஓரமாக அடுக்கியிருந்தன.

தொட்டி நிறையத் தண்ணீர்.

நடுவில், மார்பளவு தண்ணீரில், வெள்ளை அங்கியோடு ஒருத்தர் நின்றார். முதுகு இந்தப் பக்கம்.

"அன்பரசண்ணா!"

திரும்பவில்லை.

"போதும்ணா. மேல வாங்க. பேசிக்கலாம்."

அசையவில்லை. தண்ணீரும் அசையவில்லை.

ஆத்திரத்தில் மாப்பிள்ளை படியில் கால் வைத்துவிட்டார். ஒரு படி. அடுத்த படி. தண்ணீர் ஐஸ்போலக் குளிர்ந்தது. சித்திரை வெயில் காயும் ஊரில் அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? அதையும் யோசிக்கவில்லை. எட்டித் தோளைப் பிடித்தார்.

கையில் துணிதான் வந்தது.

துணிக்குள்... ஒன்றுமில்லை.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை வந்து தாங்கியது.

இன்னொரு கை, அவருடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து மார்போடு பிடித்தது.

அவருக்குத் தெரியும் அந்தப் பிடி. அவரே எத்தனையோ பேரைப் பிடித்த பிடி.

"விசுவாசிக்கிறாயா?"

காதோரம் கேட்டது. மூச்சு இல்லாத குரல்.

கத்த நினைத்தார். வாயிலிருந்து வந்தது வேறு.

"விசுவாசிக்கிறேன்..."

சாய்ந்தார்.

தண்ணீர் முகத்தை மூடியது. கண்... மூக்கு... காது...

கை மேலே தூக்கவில்லை.

தூக்கவில்லை...

நெஞ்சு வெடிக்கப் போகிறது என்றபோது, தூக்கியது.

இருமிக்கொண்டே எழுந்தார். எதிரே அவர் நின்றார். இப்போது முகம் இந்தப் பக்கம். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய வெள்ளைக் கைக்குட்டை, முழுக்கு எடுப்பவர்கள் மூடிக்கொள்வதுபோல. இரண்டு கையும் மார்பில் மடித்திருந்தது.

காத்துக்கொண்டு நின்றார்.

கைக்குட்டைக்குமேல் இரண்டு கண். இடது புருவம்... நடுவில் வெட்டுப்பட்டு...

மாப்பிள்ளை ஓடினார்.

எப்படிப் படியேறினார், எப்படிக் கதவைத் திறந்தார், தெரியாது. கேட்டுக்கு வெளியே போய்த்தான் நின்றார். அங்கே அன்பரசு அப்போதுதான் வண்டியை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் முட்டை அட்டை கட்டியிருந்தது.

"ஏனுங்க பாஸ்டரே! மழையுமில்ல ஒண்ணுமில்ல, எங்கீங்க இப்படி நனைஞ்சீங்க?"

மாப்பிள்ளை உள்ளே கையைக் காட்டினார். அன்பரசு செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு போனார். இவரும் பின்னாலேயே போனார், தனியாக நிற்கப் பயம்.

விரிப்பு விரித்தபடி இருந்தது. பலகை போட்டபடி இருந்தது. அன்பரசு ஒரு பலகையைத் தூக்கி விளக்கடித்தார். தொட்டியில் புழுதி, ஒரு செத்த வண்டு, பல்லி முட்டை ஓடு. ஒரு பொட்டு ஈரமில்லை.

குணசீலன் மேனியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பைப்பு... பிச்சுகிச்சுண்ணா," என்றார்.

அன்பரசு விளக்கை அவர் முகத்தில் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை நாள் மாப்பிள்ளை அவரைச் சந்தேகப்பட்டார். அன்றிலிருந்து அவர் இவரைப் பார்த்த பார்வை மாறியது.

சனிக்கிழமை அன்பரசு ஒரு காகிதப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். பத்தாவது படம். பிரித்து மேசைமேல் வைத்தார். குணசீலன் போட்டோ, கீழே பெயர், அதற்குக் கீழே அழகான எழுத்தில் தேதி.

இரண்டு நாள் முன்னால் போன வியாழக்கிழமையின் தேதி.

"நானு தேதி சொல்லலீங்க," என்றார் அன்பரசு. "ஐயாவே சொல்லுவாருன்னு எடத்த உட்டுவைக்கச் சொன்னேன். இதுக்கு என்னங்க அர்த்தம்?"

அதற்குமேல் மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை. நாலு சொட்டுத் தண்ணீர், மோகனூர்ப் பொய், அங்கி, தொட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தமிழினியும் அங்கேதான் இருந்தாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும். அழுதாள், பாவம். வீடு போய்விடுமே என்று அழுதாளா, இத்தனை வருஷம் தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று அழுதாளா, நான் கேட்கவில்லை.

அன்பரசு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கந்தவேல் ஐயா செத்த அன்னிக்கு அவரத் தொட்டியிலிருந்து தூக்குனது நானுங்க. அப்ப எனக்கு இருவது வயசு. மறுநாளு முழுக்கு ஆராதனை, தண்ணி ரொப்பியிருந்துது. வழுக்கி உழுந்து படியில மண்டை அடிச்சிருந்துதுங்க. தண்ணி பாக்க எறங்குனாருன்னு ஊரே சொல்லுச்சு."

"இல்லையா?"

"தண்ணி பாக்க எறங்குறவரு அங்கி போடுவாருங்களா? வாயில கைக்குட்டை கட்டுவாருங்களா? கைய இப்படி மடிச்சு வெச்சிருந்தாருங்க." தன் மார்பில் மடித்துக் காட்டினார். "குடுக்கறவரு மடிக்கமாட்டாரு. எடுக்கறவருதானுங்க மடிப்பாரு."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் புரிந்தது. கந்தவேல் ஐயாவும் முழுக்கு எடுக்காதவர். ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள இறங்கியிருக்கிறார்.

"தனக்குத்தானே குடுத்துக்க முடியாதுங்களே," என்றார் அன்பரசு. "அது கணக்குல சேராதே. நானு கைக்குட்டைய அவுத்து பாக்கெட்டுல வெச்சுகிட்டேன். ஆருகிட்டயும் மூச்சு உடல. எங்கப்பன், எங்காத்தா, நானு, எல்லாம் அவரு கையில முங்குனவங்க. வெளிய தெரிஞ்சா எங்க முழுக்கு என்னாகறதுங்க? அதான் புதுசா வர்ற ஒவ்வொருத்தரையும் நோண்டி நோண்டிக் கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குணசீலன் சபை முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். தொட்டியில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. கோயிலே சலசலத்தது. பொய் சொன்னவர் மேடையில் நிற்கலாமா என்றது ஒரு பக்கம். ஓமலூரிலிருந்து வேறு போதகரைக் கூப்பிட்டு இவருக்கு முழுக்குக் கொடுங்கள் என்றது ஒரு பக்கம்.

"நான் எடுத்தாச்சு," என்றார் குணசீலன்.

"எப்பங்க? ஆரு பாத்தா?"

முழுக்குக்குச் சாட்சி வேண்டும். அதுதான் சட்டம்.

அன்பரசு எழுந்தார். "நனைஞ்சு வெளிய வந்தத நானு பாத்தேனுங்க. நான் சாட்சி."

யாரிடம் எடுத்தார் என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மீண்டும் கைதூக்கச் சொன்னார்கள். போன தடவையைவிடக் குறைவுதான், ஆனாலும் போதுமான கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது அன்பரசு கை. தமிழினிக்கு வீடு நிலைத்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையும் அன்பரசும் நாமக்கல் போனார்கள். நானும் கூடப் போனேன். படக்கடைக்காரர் பெயர் அறிவழகன். தேதியை யார் சொன்னது என்று கேட்டோம்.

"ஐயா ஒருத்தரு நேர்ல வந்தாருங்களே. பதினஞ்சு நாளிருக்கும்."

பதினைந்து நாள். அந்த வியாழக்கிழமை அப்போது வரவேயில்லை.

"வெள்ளை அங்கி போட்டிருந்தாருங்க. தொப்பலா நனைஞ்சிருந்தாரு. மழையே இல்லியேன்னு பாத்தேன். கடையெல்லாம் ஈரம், நாந்தான் தொடைச்சேன். இங்க ஒரு வெட்டு." தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

அன்பரசு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கோயில்ல இன்னொரு பழைய படம் இருக்குதாமே. அதுக்கும் தேதி எழுதணும்னாருங்க. எழுதிப்போடலாம், என்ன தேதீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்றார் மாப்பிள்ளை.

"இப்ப இருக்கற பாஸ்டருதான் அத முடிவு பண்ணணும்னாருங்க. அவரு தண்ணியில எறங்கி வர்ற அன்னிக்கு வந்து சொல்றேன்னு போனாரு."

அடுத்த முழுக்கு ஆராதனை பவள விழா அன்று. கைமடித்துக் காத்திருக்கிறவரைச் சேர்க்காமல் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் லாரிக்கும் சொல்லியாகிவிட்டது.